மிசாவோவின் முன்பல்

மிசாவோவின் சீட்டி கெட்டுப்போனதை முதலில் கண்டுபிடித்தவர் அவள் கணவர் தெட்சுஜிதான்.

நகிசாகி கடற்கரையில் பெண்கள் கடலுக்குள் மூழ்கிச் சிப்பி எடுத்துவிட்டு மேலே வரும்போது, அடக்கிவைத்திருந்த மூச்சை உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்ல விடுவார்கள். அது சீட்டியாக வெளியே வரும். ஒருத்தியின் சீட்டி இன்னொருத்திக்கு வராது. மிசாவோவின் சீட்டி நீளமானது. முடியும் இடத்தில் சற்றே மேலே ஏறி நிற்கும். படகு எஞ்சினோடு வாழ்ந்து தெட்சுஜிக்குக் காது பாதி போய்விட்டது. மழை பெய்வது அவருக்குக் கேட்காது, தொலைபேசி மணி கேட்காது. மனைவியின் சீட்டி மட்டும் எப்படியோ கேட்டுவிடும். அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஓசைக்காகத்தான் அவர் பருவம் முழுக்கப் படகில் காத்திருப்பார்.

அந்த வசந்தகாலத்தில், பருவம் திறந்த முதல் வாரத்திலேயே, சீட்டிக்குப் பதிலாக 'புஸ்' என்று ஒரு காற்று வந்தது.

"என்ன மிசாவோ, டயர் பஞ்சராயிடுச்சா?"

"குளிருங்க. உதடு மரத்துப்போச்சு," என்றாள் அவள்.

ஆனால் அன்று மாலை வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, மேல்வரிசை முன்பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்தாள். அது அசைந்தது. சின்ன அசைவுதான். அறுபது வயதுக்கு மேல் பல் ஆடினால் அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் யோனே அக்காவை அவள் பார்த்திருக்கிறாள். கடலில் மூழ்கும் கிராமத்துக் குளியாட்களில் மூத்தவள் அவள். முன்பற்கள் போனதிலிருந்து அவள் மேலே வந்தால் பழைய துருத்தியிலிருந்து வருவது போலக் காற்று மட்டும்தான் வரும். பனிமூட்டம் இறங்கும் நாட்களில், அக்கா எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரியாமல் மற்றவர்கள் கத்திக் கத்திக் கூப்பிடுவார்கள். பல் போனால் போகட்டும். சீட்டி போய்விட்டால் தெட்சுஜி படகில் உட்கார்ந்து எதைக் கேட்பார்?

மீனவர் சங்கக் கட்டடத்தின் மாடியில் மாதம் ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பல் டாக்டர் வருவாள். அசஹினா என்று பெயர், சின்னப் பெண். ஊரில் யார் எதைக் கொடுத்தாலும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் கை நிறைய முட்டைக்கோஸும் மீனும் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுகிறவள். அவள் மிசாவோவின் ஈறுகளை அழுத்திப் பார்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள். பிறகு சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாத முகத்தோடு திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"ஈறு ரொம்பச் சுத்தமா இருக்கு மிசாவோ அம்மா. ஒரு நோயும் இல்லை. ஆனா இங்க பாருங்க, இந்த முன்பல்லைச் சுத்தி எலும்பு இறங்கியிருக்கு. நீங்க பல்லைக் கடிக்கிறீங்க. சும்மா இல்லை, கல்லை உடைக்கிற மாதிரி."

"நான் எங்க டாக்டரம்மா கடிக்கிறேன்? எங்க வீட்டுல அவர்தான் ராத்திரி நறநறன்னு..."

"அடியில பாறையிலேர்ந்து சிப்பியை நெம்பறீங்களே, அப்ப?"

மிசாவோ யோசித்தாள். நெம்புகம்பியைப் பாறைக்கும் அவாபிச் சிப்பிக்கும் நடுவே செருகி, மூச்சு முடியப்போகும் அந்தக் கணத்தில் உடம்பு முழுவதையும் அந்த ஒரு கையில் கொண்டுவந்து நிறுத்தும்போது தாடை என்ன செய்கிறது? அவளையறியாமல் அவள் கை மோவாய்க்குப் போனது. அங்கே இரண்டு பக்கமும் தசை சின்னக் கல் போல உருண்டு நின்றது.

"அப்பக் கடிக்காம எப்படி? ஆழம் போகப் போக வாய் தானா பூட்டிக்கும்."

"கீழ்ப்பல் போய் இந்த மேல்பல்லுல மோதுது. நம்ம எலும்புல எலும்பைக் கட்டுற செல் இருக்கு, எலும்பைத் தின்னுற செல்லும் இருக்கு. அளவா இருந்தா ரெண்டும் சமாதானமா வேலை செய்யும். அழுத்தம் அதிகமானா, தின்னுற கூட்டத்துக்குச் சாப்பாட்டு மணி அடிச்ச மாதிரி ஆயிடும். எல்லாம் ஓடிவந்து உட்கார்ந்துடும்." அவள் குரலில் சட்டென்று ஒரு உற்சாகம் ஏறியது. "எங்ககிட்ட ஒரு மருந்து இருக்கு. அந்த மணியோட நாக்கைப் பிடிச்சுக்கிற மருந்து. மாசம் ஒரு தடவை ஈறுல ஒரு சின்ன ஊசி. ஆனா இன்னும் சோதனையிலதான் இருக்கு. வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணி மாதிரி ஒண்ணு. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ராத்திரி போட்டுக்கிற பல்லுறை மட்டும் எல்லாருக்கும் உண்டு. உங்களுக்குச் சம்மதம்னா..."

"உங்க மருந்தா டாக்டரம்மா?"

"என் ஆசிரியரோடது. ஆனா படிச்சு முடிச்சதிலேர்ந்து நானும் இதுலதான் இருக்கேன்," என்றாள் அசஹினா, வெட்கத்தோடு.

மிசாவோ சம்மதித்தாள். அந்த வெட்கம்தான் அவளைச் சம்மதிக்க வைத்தது என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் குளியாட்கள் உடை மாற்றிக் குளிர்காயும் குடிசையில் நடுவே விறகு எரிந்துகொண்டிருந்தது. யோனே அக்கா காய்ந்த கணவாயை நெருப்பில் வாட்டி, கடிக்க முடியாமல் கத்திரியால் நறுக்கிக்கொண்டிருந்தாள். நகோயாவில் அலுவலக வேலையை விட்டுவிட்டுக் கடலில் மூழ்க வந்த மாஹோ சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பது வயதுதான். குடிசையில் எல்லாருக்கும் அவள்தான் குழந்தை. மிசாவோ விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப அந்த டாக்டர் பொண்ணுக்கே தான் என்ன குடுக்கிறோம்னு தெரியாது, நீயும் என்ன வாங்கிக்கிறன்னு தெரியாது," என்றாள் யோனே அக்கா. "நம்ம குடிசையில அதுக்குப் பேரு மாஹோ வைக்கிற சூப்."

"அக்கா, நேத்து ரெண்டு கிண்ணம் குடிச்சீங்க!"

"பசி. பசிக்குக் கண்ணு தெரியாது." அக்கா கணவாய்த் துண்டு ஒன்றை மிசாவோவிடம் நீட்டி, உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "உனக்கு இல்லை. இனிமே நீ மெத்துனு தோஃபு தின்னுற ஜாதி."

எல்லாரும் சிரித்தார்கள். மிசாவோவும் சிரித்தாள். சிரிக்கும்போது பல் ஆடியதை யோனே அக்கா பார்த்துவிட்டாள். குனிந்து நெருப்பைக் கிளறினாள்.

ஊருக்கு மேலே, கோவில் காட்டுக்குள் ஒரு கல் உண்டு. பெண்கள் மட்டும் வந்து கேட்கும் கல். ஆயுளில் ஒருமுறை, ஒரே ஒரு வேண்டுதல். அதற்கு மேல் கேட்டால் மரியாதையில்லை. மிசாவோ அதை இன்னும் கேட்காமல் வைத்திருந்தாள். மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது கேட்கப் போனாள். பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. தெட்சுஜிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது கேட்கலாமா என்று நினைத்தாள். இதைவிடப் பெரிய கஷ்டம் ஏதாவது வந்தால் என்ன செய்வது என்று நிறுத்திக்கொண்டாள். "மிசாவோ தன் வேண்டுதலை உறைபெட்டியில வச்சிருக்கா," என்பது குடிசையில் பழைய கேலி.

முதல் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் காலையில் அவள் கல்லின் முன்னால் போய் நின்றாள். கைதட்டி, தலை வணங்கி, வாயைத் திறந்தாள். என் பல் நிற்கட்டும் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். ஆனால் சொல்ல வரவில்லை. எக்ஸ்ரே எடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் நினைவு வந்தது. எங்கோ ஒரு ஊரிலிருந்து வந்திருந்த கொல்லர் ஒருவர். பரீட்சைக்குப் படித்துப் படித்துப் பல்லைக் கடித்த ஒரு மாணவி. கைக்குழந்தையோடு ஒரு தாய். அவர்கள் எல்லாரும் ஆடும் பல் தெரியாமல் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்கள். தன் ஒரு பல்லுக்காக இத்தனை வருஷம் காத்த வேண்டுதலைச் செலவழிப்பது அவளுக்குச் சுயநலமாகப் பட்டது.

"அந்தப் பொண்ணோட மருந்து பலிக்கணும்," என்று சொல்லிவிட்டு, மறுபடி வணங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் தெட்சுஜி கேட்டார். "கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்."

"பல்லைத்தானே?"

"பல்லைப் பத்தித்தான்," என்றாள் மிசாவோ. பொய்யில்லை.

இரண்டு நாள் கழித்து யோனே அக்கா அவளைத் தனியே கூப்பிட்டாள். குடிசைக்குப் பின்னால், ரப்பர் உடைகள் காயும் கொடியின் ஓரம். அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மிசாவோ, யார்கிட்டயும் சொல்லாதே. மேல வரும்போது படபடன்னு வருது. ஒருநாள் கண்ணு இருட்டிப்போச்சு."

"ஐயோ அக்கா! டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?"

"காமிச்சா கடல்ல இறங்காதேம்பாங்க. இறங்காம நான் என்ன செய்றது? டிவி பாக்கறதா? நீ மட்டும் இந்தப் பருவம் என் பக்கத்துல இருந்தாப் போதும். கரையோரப் பாறையிலதான் மூழ்குவேன். நான் மேல வர்றேனான்னு ஒரு கண்ணு பார்த்துக்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வெட்கமா இருக்கு கேக்க."

கரையோரத்து ஆழமில்லாத பாறைகளை வயதானவர்களுக்கென்று விட்டுவைப்பது அந்த ஊர் வழக்கம். கைகாலில் வலு உள்ளவர்கள் அங்கே இறங்கினால் ஊரே முகம் சுளிக்கும். மிசாவோ ஆழக்கடல்காரி. படகிலிருந்து எடையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவள். கரையோரம் என்றால் மரத்தொட்டியை மிதக்கவிட்டுக்கொண்டு நீந்த வேண்டியதுதான். கிடைப்பதும் பெரும்பாலும் சுருள் சங்குகள். ஆனாலும் அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பயிற்சிக்கு வந்த பெண்ணாகத் தான் முதன்முதலில் பயந்து நடுங்கிய நாளில், தன் தலைத்துணியில் கடல் தெய்வத்தின் நட்சத்திரக் குறியைத் தைத்துக் கொடுத்தவள் இந்த அக்காதான்.

"இதுக்கா வெட்கம்? நான் இருக்கேன்."

"தெட்சுஜி ஏதாவது சொல்வானே?"

தெட்சுஜி ஒன்றும் சொல்லவில்லை. "சரி. நான் ஆக்டோபஸ் பிடிக்கப் பானை போட்டுக்கறேன்," என்றார். இவ்வளவு சுலபமாகவா என்று மிசாவோவுக்கே ஆச்சரியம். அவர் ஏனோ அவள் முகத்தைப் பார்க்காமல், இல்லாத ஒரு முடிச்சைக் கயிற்றில் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடை அப்படித்தான் தொடங்கியது. காலையில் இருவரும் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு இறங்குவார்கள். ஆழமில்லாத நீரில் வெயில் அடிவரை போய்ப் பாறையில் வலை போலப் பின்னியிருக்கும். காலடியில் நண்டு ஓடுவது தெரியும். மூச்சு முடிவதற்குள் மேலே வந்துவிடலாம். எதையும் உயிரைக் கொடுத்து நெம்ப வேண்டியதில்லை. மிசாவோவுக்கு வெகு காலத்துக்குப் பிறகு கடலில் விளையாடுவது போல இருந்தது. ஆனால் கண் மட்டும் எப்போதும் யோனே அக்காவின் மேலேயே இருக்கும்.

யோனே அக்காவோ, நெஞ்சுவலிக்காரி என்று யாரும் சொல்ல முடியாத மாதிரி நீர்நாய் போல மூழ்கிக்கொண்டிருந்தாள். சங்கு எடுப்பாள், நடுவில் பாட்டுப் பாடுவாள், படகில் போகிற மீனவர்களை வம்புக்கு இழுப்பாள். ஆனால் மிசாவோ தன்னை மறந்து, நீலம் கறுக்கத் தொடங்கும் விளிம்புப் பக்கம் இரண்டு வீச்சு நீந்திவிட்டால் போதும்.

"ஆ... மிசாவோ... படபடன்னு வருது!"

மிசாவோ அலறியடித்துக்கொண்டு திரும்பி வருவாள். அக்கா தொட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். கொஞ்ச நேரத்தில், "இப்பப் பரவாயில்லை. நீ பக்கத்துல வந்தாலே சரியாயிடுது," என்பாள்.

ஒருநாள் மாஹோ இதை ஆழக்கடலுக்குப் போகும் படகிலிருந்து பார்த்துவிட்டு, வாயில் கையை வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. பாவம், இளகிய மனசு, அழுகிறாள் என்று மிசாவோ நினைத்துக்கொண்டாள்.

மாதாமாதம் அசஹினா ஊசி போடுவாள். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்பாள்: "வலி? சாப்பாடு? வேலையில ஏதாவது மாற்றம் உண்டா மிசாவோ அம்மா?"

"ஒண்ணுமில்லை டாக்டரம்மா. எல்லாம் எப்பவும் போலத்தான்."

சொல்லும்போது மனத்தில் ஒரு முள் குத்தும். கரையோரத்துக்கு மாறியதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள்; ஏன் என்று சொன்னால் அக்காவின் ரகசியம் போய்விடும். கொடுத்த வாக்கு வாக்குதானே என்று முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, கொண்டுவந்த வெள்ளரிக்காயை டாக்டரின் பையில் திணிப்பாள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், கரையில் பானைகளைச் சுரண்டிக்கொண்டிருந்த தெட்சுஜி சட்டென்று நிமிர்ந்தார். சுரண்டிய கத்தி கையிலேயே நின்றது. தண்ணீர்ப் பக்கம் பார்த்தார். நீளமாக ஒரு சீட்டி வந்து, முடியும் இடத்தில் சற்றே மேலே ஏறி நின்றது. மிசாவோ தலையை உலுக்கித் தண்ணீரைத் தள்ளிவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் கத்தியோடு கையை உயர்த்தி ஆட்டினார். ஏதோ ஆபத்து என்று பக்கத்துப் படகுக்காரன் ஓடிவந்துவிட்டான்.

பருவம் முடிவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பெட்டி நிறைய மெத்தென்ற பஞ்சு கேக்கோடு அசஹினா குடிசைக்கே வந்தாள். ஊசிகள் எல்லாம் போட்டாகிவிட்டன. கடைசி எக்ஸ்ரேயும் எடுத்தாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் அன்று காலைதான் யாருக்கு எது போனது என்று உறையைப் பிரித்திருந்தார்கள். உள்ளே வந்தவள் நெருப்போரம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். முகத்தில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"மிசாவோ அம்மா, உங்க பல்லு நின்னுடுச்சு. அசைவே இல்லை. எலும்புகூட மேல ஏறத் தொடங்கியிருக்கு."

குடிசை ஆரவாரித்தது. மாஹோ மூடியை எடுத்துப் பானையில் தட்டினாள்.

"சபாஷ் டாக்டர் பொண்ணு! உன் மருந்து மருந்துதான்!" என்றாள் யோனே அக்கா.

"அதுதான் எனக்குப் புரியலை." அசஹினா தலையைச் சாய்த்தாள். "மிசாவோ அம்மாவுக்குப் போனது மருந்தில்லை. வெறும் தண்ணி."

மாஹோ தட்டிக்கொண்டிருந்த மூடி பாதியில் நின்றது.

"தண்ணி வாங்கிக்கிட்ட மத்தவங்க யாருக்கும் இப்படி இல்லை. சிலருக்கு நின்ன இடத்துல நின்னுது, சிலருக்கு இன்னும் இறங்கிடுச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி? மாசாமாசம் கேட்டேனே, ஒரு மாற்றமும் இல்லைன்னீங்க. எங்கயோ நான் தப்பு பண்ணியிருக்கேன்னு காலையிலேர்ந்து..." அவள் குரல் இறங்கிவிட்டது. "ஒருத்தரோட கணக்கு புரியலைன்னா மொத்தத்தையும் மறுபடி பாக்கணும்."

மிசாவோவால் உட்கார முடியவில்லை. அந்த முள் இப்போது முழுதாக இறங்கியது. தான் உண்மையை மறைத்ததால் இந்தப் பெண் சொந்த உழைப்பையே சந்தேகிக்கிறாள். அவள் யோனே அக்காவைப் பார்த்தாள். அக்கா மிகத் தீவிரமாகக் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. நான் சொல்லித்தான் ஆகணும்." மிசாவோ பாயில் கையூன்றித் தலை வணங்கினாள். "டாக்டரம்மா, நான் ஆழத்துக்கே போகலை. இந்தப் பருவம் முழுக்கக் கரையோரத்துலதான் இருந்தேன். அக்காவுக்கு நெஞ்சு சரியில்லை. தனியா விட மனசு வரலை. யார்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டாங்க, அதான்..."

"நெஞ்சா?" அசஹினா பதறிப்போய் யோனே அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "எவ்வளவு நாளா? மூச்சு வாங்குதா? படுத்தா?"

அப்போதுதான் மாஹோவால் அடக்க முடியவில்லை. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயிலேயே உருண்டாள்.

"நெஞ்சு... அக்காவுக்கு நெஞ்சு... போன மாசம் கோவில் படிக்கட்டுல என்னை முந்திக்கிட்டு ஓடினாங்க!"

"வாயை மூடு, சூப்புக்காரி!" என்றாள் யோனே அக்கா. ஆனால் காரியம் கைமீறிவிட்டது. அவள் மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணுமில்லை, டாக்டர் பொண்ணு. குதிரை மாதிரி இருக்கேன்."

"அப்ப ஏன் அக்கா?" என்றாள் மிசாவோ.

"ஏனா? ஆழத்துக்குப் போனா நீ கடிப்ப. கடிச்சா பல்லு போகும். கரையோரத்துக்கு வாடின்னா வருவியா? 'நான் என்ன கிழவியா'ன்னு என் மேலேயே பாய்வ. உன்னை எனக்குத் தெரியாதா? உனக்காகன்னா வரமாட்ட. எனக்காகன்னா ஓடிவருவ." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "எனக்குத்தான் போச்சு. உனக்காவது அந்தச் சத்தம் இருக்கட்டும்னு பார்த்தேன். பனி இறங்கினா உன் சத்தத்தை வச்சுத்தானே நானே கரைக்கு வழி பாக்கறேன்."

 மிசாவோவுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் அது வராமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

"கோடை முழுக்க ராத்திரியில எழுந்து, உங்களுக்கு மூச்சு இருக்கான்னு உங்க வீட்டு ஜன்னல்ல வந்து பார்த்தேனே!"

"தெரியும். அதுக்காகத்தான் சத்தமாக் குறட்டை விட்டேன்."

"அவருக்கும் தெரியுமா?"

"முதல்ல அவன்கிட்டதான் சொன்னேன். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். கயிற்றைப் பார்த்துக்கிட்டே இருன்னு சொல்லிக் குடுத்தேன்."

அசஹினா இதுவரை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. பிறகு நிறுத்த முடியாத சிரிப்பு வந்தது. கடைசியில் கைக்குட்டையைத் தேட வேண்டியதாகிவிட்டது.

"அழுத்தம் குறைஞ்சிருக்கு! அவ்வளவுதான்! மணி அடிக்கிறதையே நீங்க நிறுத்திட்டீங்க யோனே அம்மா. நான் மணியோட நாக்கைப் பிடிக்கப் பார்த்தேன், நீங்க மணியையே கழட்டிட்டீங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆனா மிசாவோ அம்மா, இதை முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கணும். நடந்ததை நடந்தபடி நான் எழுதிக் குடுக்கணும், உங்க பேரைத் தனியா எடுத்து வைக்கணும். இன்னிக்குத் தெரியாமப் போயிருந்தா, எங்க கணக்குல ஒரு பொய் உட்கார்ந்திருக்கும். நாளைக்கு யாரோ ஒருத்தருக்கு அது கெடுதலா முடிஞ்சிருக்கும்."

"தப்புதான் டாக்டரம்மா," என்றாள் மிசாவோ, மனதார. அக்காவும் பக்கத்தில் தலை வணங்கினாள். அன்பாகச் செய்வதையும் ஒளித்துச் செய்தால், அது எங்கே போய் யாரை இடிக்கும் என்று செய்கிறவருக்கே தெரியாமல் போகிறது. அந்த இருவருக்கும் அது அந்த நேரத்தில் நன்றாகப் புரிந்தது.

பிறகு மிசாவோ மெதுவாகக் கேட்டாள். இவ்வளவு நேரம் கேட்கப் பயந்திருந்தாள். "அப்ப... மருந்து? நிஜ மருந்து வாங்கினவங்களுக்கு?"

அசஹினாவின் முகம் மலர்ந்தது. அவள் உள்ளே வந்ததிலிருந்து அந்த முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது எது என்பது இப்போது தெரிந்தது.

"பலிச்சிருக்கு. எல்லாருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா நிறையப் பேருக்கு எலும்பு இறங்கறது நின்னிருக்கு. அந்தக் கொல்லர் இருக்காரே, கடிக்கிறதை அவரால நிறுத்தவே முடியலை, அவருக்குக்கூட. இது முதல் படிதான், இன்னும் பெரிய சோதனை வரணும். ஆனா பலிச்சிருக்கு."

மிசாவோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "கேட்டது கிடைச்சுடுச்சு," என்றாள், விரல்களுக்கு நடுவிலிருந்து.

"என்ன கேட்ட?"

"கல்லுகிட்ட. டாக்டரம்மாவோட மருந்து பலிக்கணும்னு."

யோனே அக்கா கேக்கைக் கீழே வைத்தாள். பிறகு வெடித்தாள். "ஆயுசுக்கு ஒரே ஒரு வேண்டுதல்! அதை உறைபெட்டியில வச்சுக் காப்பாத்தி, முகம் தெரியாத கொல்லனோட பல்லுக்கா குடுத்த? உன் பல்லைக் கேக்கலையா?"

"கேக்க வரலை அக்கா."

"நல்லவேளை நான் இருந்தேன்," என்றாள் யோனே அக்கா. தன் பங்குக் கேக்கில் பெரிய பாதியைப் பிய்த்து மிசாவோவின் கையில் வைத்தாள். "தின்னு. மெத்துனு இருக்கு. அந்தக் கல்லுகிட்ட நான் என்ன கேட்டேன் தெரியுமா? குடிக்காத புருஷன் வேணும்னு. குடிக்கலை. அதுக்குப் பதிலா என் பங்குச் சோத்தையும் சேர்த்துத் தின்னான். நாலு பல்லு மிச்சம் இருக்கு, டாக்டர் பொண்ணு. அடுத்த சோதனைக்கு என் பேரை எழுதிக்கோ."

"எழுதிக்கறேன். ஆனா மாசாமாசம் உண்மை சொல்லணும்."

"அது கொஞ்சம் கஷ்டம்தான். பழகிக்கறேன்."

மறுநாள் பருவத்தின் கடைசி நாள். கடல் எண்ணெய் தடவியது போலக் கிடந்தது. தெட்சுஜியின் படகில் அசஹினா உயிர்காப்பு உடை போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மிசாவோ கரையோரமே போதும் என்று சொல்லியிருந்தாள். இனிமேல் எப்போதும் அதுவே போதும், அங்கே வெயில் நன்றாக இருக்கிறது என்று நிஜமாகவே சொன்னாள். ஆனால் யோனே அக்கா தொட்டியைக் கரையிலேயே எறிந்துவிட்டுப் படகில் ஏறிவிட்டாள்.

"உன் பல்லுக்காகக் கோடை முழுக்க முழங்கால் தண்ணியில கிடந்தேன். இன்னிக்கு ஒருநாள் நான் ஆழத்துக்குப் போறேன். நீ கூட வா. சிப்பியைத் தொடாதே. சும்மா வந்து என்னைப் பாரு."

"நெஞ்சு படபடன்னு வந்தா?" என்றாள் மிசாவோ.

"வந்தா உன்னைக் கூப்பிடறேன்."

இருவரும் தலைத்துணியின் நட்சத்திரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். நீர் மூடிக்கொண்டது. அசஹினா தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்து, விட்டுவிட்டாள். இன்னும் அவர்கள் வரவில்லை. தெட்சுஜி மட்டும் நிதானமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் யோனே அக்கா வந்தாள், கையில் ஒரு பெரிய அவாபியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. புஸ் என்று காற்று வந்தது. அது தெட்சுஜிக்குக் கேட்டிருக்காது. அடுத்து வந்த சீட்டி கேட்டது. நீளமாக வந்து, முடியும் இடத்தில் மேலே ஏறி, கோவில் காடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது போல நின்றது.

"அது அவதான்," என்றார் தெட்சுஜி, அசஹினாவிடம், யாரோ கேள்வி கேட்டது போல.